மல்லாட்டை வேரில் நடக்கும் பண்டமாற்று

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபத் திருவிழா முடிந்து மாட்டுச் சந்தையும் கலைந்த பின்னர், சுற்றுப்புறத்துக் கிணற்றுப் பாசன நிலங்களில் மார்கழிப் பட்டத்து மல்லாட்டை விதைப்புக்கு ஆயத்தம் தொடங்குகிறது. விதைப் பருப்புக்கு அடுத்தபடியாகக் குடியானவரின் கையிலிருந்து ரொக்கம் வெளியேறுவது உர மூட்டைகளுக்கே. அவற்றுள் டி.ஏ.பி. என்னும் உரத்துக்குப் பெரும்பாலோர் முதலிடம் அளிக்கின்றனர். ஐம்பது கிலோ மூட்டையொன்றில் 23 கிலோ மணிச்சத்து அடங்கியுள்ளது. ஆனால் செம்மண் நிலத்தில் இட்ட அந்த 23 கிலோவில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் முதற்பயிர் எடுத்துக்கொள்வது அரிது. மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்டால், அது ஆவியாகிப் போகவுமில்லை, கிணற்றுக்கு இறங்கிவிடவுமில்லை. இரும்பும் அலுமினியமும் கலந்த மண் துகள்களோடு பிணைந்து, இட்ட நிலத்திலேயே வேருக்கு எட்டாமல் முடங்கிக் கிடக்கிறது. பத்துப் பதினைந்து வருஷங்களாக ஒவ்வொரு பட்டத்துக்கும் மூட்டை தவறாமல் இட்டு வந்த பட்டாதாரரின் நிலத்தில் இவ்வாறு முடங்கியுள்ள மணிச்சத்து சாமானியமன்று. மணிச்சத்து உரங்களுக்கு மூலமான பாறையை நம் தேசம் பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்து கப்பலில் தருவிக்கிறது என்பதையும் இவ்விடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும்.

தழைச்சத்து நீரோடு கரைந்து வேரைத் தேடி வரும். மணிச்சத்து அவ்வாறு வராது. வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டும். வேரைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்குள் உள்ள மணிச்சத்து சில தினங்களில் தீர்ந்துவிடும். அதன் பின் வேருக்கும் சத்துக்கும் நடுவே ஒரு வெறும் வளையம் உண்டாகிவிடுகிறது. நெல், சோளம், கேழ்வரகு முதலியவற்றின் வேர்களில் மயிர் போன்ற தூவிகள் நெருங்கி வளர்ந்து அவ்வளையத்தைச் சிறிது தாண்டிச் செல்லும். மல்லாட்டைக்கோ அந்த வசதியும் குறைவு. மற்றப் பயிர்களின் வேர் முழுவதும் காணப்படும் தூவிகள் அதற்கில்லை. பக்கவேர் கிளைக்குமிடங்களில் மாத்திரம் சிறு குஞ்சங்களாக உள்ளன. அப்படியிருந்தும், அதிக எருவில்லாத மானாவாரிக் கொல்லைகளில் ஆடிப் பட்டத்துக்கு விதைத்த மல்லாட்டை பல தலைமுறைகளாகக் காய்த்து வந்திருக்கிறதே, அஃது எவ்வாறு?

வேருக்கு ஒரு கூட்டாளி இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைப் பூசணம் அது. விவசாய சாஸ்திரிகள் அதனை வேர் உட்பூசணம் என்று பெயரிட்டழைக்கின்றனர். பூசணம் என்றவுடன் டிக்கா இலைப்புள்ளியும், துருவும், வேரழுகலும் நினைவுக்கு வந்து விவசாயிகள் அஞ்சுவது இயல்பு. இது அவ்வினத்தைச் சேர்ந்ததன்று. செடியைக் கொல்லாமல், செடியோடு கொண்டு கொடுத்து வாழ்வது.

மரவேர்களைப் பூசணம் உறைபோல் போர்த்திக்கொண்டு வாழ்வதைக் கண்டு, அக்கூட்டுக்கு 1885-ஆம் வருஷத்தில் பெயரிட்டவர் ஜெர்மானியரான ஆல்பர்ட் பிராங்க் என்பவர். விலையுயர்ந்த ஒருவகை நிலக்காளானைப் பயிர்செய்ய வழியுண்டா என்று பார்க்கும்படி அரசாங்கத்தார் அவரை ஏவியிருந்தனர். காளான் பயிராகவில்லை, இக்கூட்டு வெளிப்பட்டது. அவர் கண்டது பைன் போன்ற குளிர்தேச மரங்களின் வகை. நம் மல்லாட்டை, சோளம், கம்பு, சாமை, வெங்காயம், மிளகாய், வேம்பு, புளி, புங்கம் ஆகியவற்றில் வாழ்வது வேறு வகை. அது வேரைப் போர்த்துவதில்லை, வேரின் உள்ளேயே குடிபுகுந்துவிடுகிறது. பூமியிலுள்ள செடிகொடி மரங்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாதவை இவ்வகையோடு கூடி வாழ்கின்றன. ஸ்காட்லாந்து தேசத்தில் ரைனி என்னும் ஊரில் கல்லாய் உறைந்து கிடைத்த நாற்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய செடிகளிலும் இப்பூசணத்தின் உருவம் தெளிவாகத் தெரிகிறது. செடிக்குச் சரியான வேர் உண்டாவதற்கு முன்னரே இக்கூட்டு ஏற்பட்டுவிட்டதென்பது விஞ்ஞானிகளின் முடிவு.

கொண்டு கொடுக்கும் முறை

மண்ணில் மணிச்சத்துப் போதாமல் பசித்த வேர், ஒரு வகை ரசாயனப் பொருளை மிகச் சிறு அளவில் கசியவிடுகிறது. அருகிலுள்ள பூசண வித்து அதை உணர்ந்து கிளைத்து, வேரை நோக்கி வருகிறது. ஜப்பானிய விஞ்ஞானிகள் 2005-ஆம் வருஷத்தில் இதைக் கண்டறிந்தனர். ஆச்சரியம் யாதெனில், இவ்வினத்துப் பொருள் 1966-ஆம் வருஷத்திலேயே பருத்தி வேரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, வேறு ஒரு காரியத்துக்காகப் பேர்பெற்றிருந்தது. சோளக் கொல்லைகளில் வேரை உறிஞ்சி வாழும் சுடுமல்லி என்னும் களையை விவசாயிகள் அறிவார்கள். அக்களையின் விதை மண்ணில் பல வருஷங்கள் உறங்கிக் கிடந்து, சோளம் விதைத்தவுடன் முளைப்பதற்குக் காரணம் இப்பொருளே. கூட்டாளியை வரச்சொல்லி வேர் கூப்பிடும் குரலைத் திருடனும் கேட்டுக்கொண்டிருக்கிறான். மல்லாட்டை, பருத்தி போன்ற பயிர்களின் குரலையும் கேட்டுச் சுடுமல்லி விதை முளைப்பதுண்டு. ஆனால் அவ்வேர்களில் அதற்குப் பற்றிக்கொள்ள இடமில்லாமல் மாண்டுபோகும். சோளத்தை மாற்றி மல்லாட்டை போடுவதால் சுடுமல்லி குறைவதன் காரணம் இது.

வேரை அடைந்த பூசணம் மேல்தோலைத் துளைத்து உட்புகுந்து, அங்குள்ள உயிரறைகளுக்குள் சிறு மரத்தின் கிளைகளைப் போலப் பிரிந்து பரவுகிறது. அந்தக் கிளைக்கொத்துகளே இருவரும் சரக்கு மாற்றிக்கொள்ளும் இடம். ஒவ்வொரு கொத்தும் சில தினங்கள் மாத்திரமே வேலை செய்து கரைந்துபோகும். பிறகு வேறொன்று தோன்றும். வேருக்கு வெளியே பூசணத்தின் இழைகள் மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தூரம் ஓடுகின்றன. இழையின் பருமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆகையால் வேர்த்தூவியும் நுழைய முடியாத இடுக்குகளில் அது நுழைந்து, மேற்சொன்ன வெறும் வளையத்துக்கு அப்பாலுள்ள மணிச்சத்தைத் திரட்டிக் கொணர்ந்து வேருக்குள் இறக்குகிறது. துத்தநாகச் சத்தும் இவ்வழியாக வருகிறது.

இது தருமமாகச் செய்யப்படுவதன்று. இலையில் சூரிய வெளிச்சத்தால் செடி சமைக்கும் கரிச்சத்தில் நூற்றுக்கு 4 முதல் 20 பங்கு வரை பூசணத்துக்குக் கூலியாகச் செல்கிறது. வெகுகாலம் இக்கூலி சர்க்கரையாக மட்டுமே கொடுக்கப்படுகிறதென்று எண்ணியிருந்தனர். பூசணத்துக்குத் தன் உடம்புக்கு வேண்டிய கொழுப்பை உண்டாக்கிக்கொள்ளும் சக்தியே இல்லையென்றும், அதையும் செடியே கொடுத்துக் காப்பாற்றுகிறதென்றும் 2017-ஆம் வருஷத்தில் தெரியவந்தது. மல்லாட்டைச் செடி நமக்குப் பருப்பில் எண்ணெய் சேர்ப்பதற்கு முன்பே, மண்ணுக்கடியில் ஒருவருக்குக் கொழுப்பு அளந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளலாம்.

2011-ஆம் வருஷத்தில் வெளியான ஒரு பரீட்சை இவ்வியாபாரத்தின் கண்டிப்பை விளக்கியது. ஒரே செடியின் வேரில் பல பூசணங்கள் கூடியிருந்தபோது, மணிச்சத்தை அதிகம் கொடுத்த பூசணத்துக்குச் செடி கரிச்சத்தை அதிகம் கொடுத்தது; சரக்கைப் பதுக்கியதற்குக் குறைத்துவிட்டது. பூசணமும் இளைத்தவரல்ல, கரிச்சத்து அதிகம் தந்த வேருக்கே மணிச்சத்தை அதிகம் அனுப்பியது. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மல்லாட்டை மூட்டைக்கு விலை கேட்கும் வியாபாரியும் இதைவிடக் கணக்காக நடந்துகொள்ள மாட்டார்.

மூட்டை மிகுந்தால் கூட்டு முறியும்

இதுவரை சொன்னவை விவசாயியின் கைமுதலைத் தொடும் இடம் இதுதான். மண்ணில் கரையும் நிலையிலுள்ள மணிச்சத்து மிகுந்துவிட்டால் வேருக்குப் பசியில்லை. கூப்பிடும் குரல் அடங்கிவிடுகிறது. உள்ளே வந்த பூசணத்துக்கும் கூலி குறைகிறது. பயிருக்கு அதனால் உடனடியாகக் கெடுதி தெரியாது, பச்சென்றே நிற்கும். ஆனால் முன்பு இனாமாகத் துத்தநாகமும் கொணர்ந்து வந்த கூட்டாளி விலகிவிட்டதால், மணிச்சத்து மிகுந்த கொல்லையில் துத்தநாகக் குறைவு தலைகாட்டுகிறது. அதைப் போக்கத் துத்தநாக சல்பேட்டு வாங்க நேர்கிறது. அடுத்த பட்டத்துக்கு உரத்தைக் குறைக்கலாமென்றாலோ, பூசணம் நலிந்த நிலத்தில் பயிர் சோர்ந்து நிற்கும். அதைக் கண்டு விவசாயி திரும்பவும் மூட்டையையே நாடுகிறார். கடன்பட்டு உரம் வாங்குகிற சிறு பட்டாதாரருக்கு இச்சுழல் சாதாரணமானதன்று.

ஆகவே மணிச்சத்து உரமே கூடாதென்று சொல்வதாகக் கொள்ளக்கூடாது. பூசணம் மணிச்சத்தை உற்பத்தி செய்வதில்லை. உள்ளதைக் கொணர்கிறது, அவ்வளவே. நிலத்தில் இல்லாததை எந்தக் கூட்டாளியும் தர முடியாது. மண் பரிசோதனை நிலையத்தாரின் அட்டையில் மணிச்சத்துக் குறைவென்று கண்டால் சிபாரிசு அளவை இடவேண்டியதே. மிகுதியென்று கண்ட நிலத்துக்கும் வழக்கம் விடாமல் மூட்டை அவிழ்ப்பதுதான் வீண். சந்தேகமுள்ளவர்கள் கொல்லையின் நடுவில் நாலு சால் அகலத்துக்கு மணிச்சத்தைப் பாதியாகக் குறைத்து, மற்றதெல்லாம் ஒன்றாகச் செய்து, அறுவடையில் காயைத் தனியே நிறுத்துப் பார்ப்பது நலம். தன் நிலத்துத் தராசு சொல்லுவதை மறுப்பாரில்லை.

நிலத்தில் இப்பூசணம் நிலைத்திருப்பதும் குறைவதும் விவசாயியின் செய்கையைப் பொறுத்தவை. உயிருள்ள வேரில்லாமல் அதற்கு ஜீவனமில்லை. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பகுதிக் கரிசல் நிலங்களில், ஈரத்தைச் சேமிப்பதற்காக ஒரு வருஷத்துக்கு மேல் களையுமின்றி உழுது தரிசு போட்ட பின் விதைத்த சூரியகாந்தி முதலிய பயிர்கள் காரணம் தெரியாமல் குன்றி நின்றன. வேர் உட்பூசணம் பட்டினியால் குறைந்துபோனதே காரணமென்று 1987-ஆம் வருஷத்தில் நிரூபிக்கப்பட்டது. நம் பக்கத்தில் ஆடு மேயும் கரம்பில் புல்லும் பூண்டும் வேரோடிருப்பதால் அவ்வளவு கேடு நேராது. ஆனால் அடிக்கடி உழுது வெறுமையாகப் போடும் நிலத்துக்கு இக்குறை வரும்.

சேறு கலக்கி நடவு செய்த நெல்வயலில் காற்றில்லாமையால் பூசணம் வெகுவாகக் குறைகிறது. சம்பா அறுத்த வயலில் மல்லாட்டை விதைப்பவர்கள் இதனை மனத்தில் வைக்க வேண்டும். அந்நிலத்தில் முதல் மல்லாட்டைக்கு மணிச்சத்தை அதிகம் குறைக்க முற்படலாகாது. கடுகு, முட்டைகோஸ் இனமும், தண்டுக்கீரை இனமும் இப்பூசணத்தைச் சேர்த்துக்கொள்ளாத பயிர்கள். அவற்றின் பின் வரும் பயிர் ஆரம்பத்தில் சற்றுப் பிந்தக்கூடும். இதற்காகக் கீரை போடுவதை விட்டுவிடத் தேவையில்லை. ஓரத்தில் சோளமோ, ஊடுபயிராகத் துவரையோ நின்றால் போதும். மல்லாட்டையோடு துவரை போடுகிற பழைய வழக்கம் இவ்வகையிலும் நல்லதே. மல்லாட்டை பிடுங்கிய பின்னும் துவரையின் வேர் பூசணத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கும்.

விதைநேர்த்தி பற்றி ஒரு வார்த்தை. கார்பெண்டாசிம் போன்ற பூசணக்கொல்லிகளை மண்ணில் ஊற்றினால் நல்ல பூசணமும் நலியும். விதையில் கழுத்தழுகல் தடுக்க நேர்த்தி அவசியமே. டிரைக்கோடெர்மா கொண்டு நேர்த்தி செய்து, ரைசோபியம் நுண்ணுயிரும் கலந்து விதைத்தால் இருதரப்புக்கும் பாதகமில்லை. ரைசோபியம் வேர்முடிச்சில் தழைச்சத்துச் சேர்ப்பதற்கும் மணிச்சத்து வேண்டும். அதைக் கொணர்வதும் இந்த உட்பூசணமே.

இந்தூரில் 1924 முதல் 1931 வரை இருந்து குப்பை எரு தயாரிக்கும் முறையைப் பிரசித்தப்படுத்திய ஆல்பர்ட் ஹோவர்டு துரை, 1940-இல் வெளியிட்ட தம் நூலில் இக்கூட்டுக்கு மிக முக்கியமான இடம் கொடுத்தார். மக்கிய எரு இட்ட நிலத்தில் வேரும் பூசணமும் செழிக்கும் என்றார். அது பெரிதும் உண்மையே. செடி பூசணத்தையே ஜீரணித்து உணவாகக் கொள்கிறதென்றும், பயிரின் சகல ஆரோக்கியமும் இதிலேயே அடங்கியதென்றும் அவர் கொண்டது அளவு மீறியது. பிற்காலப் பரீட்சைகள் அதனை ஒப்பவில்லை.

மலைக் கன்றுகளும் ஊராட்சி நாற்றங்காலும்

பயிர் நிலங்களில் பூசணம் ஓரளவேனும் இருக்கும். அறவே இல்லாத இடங்கள் உண்டு. 814 மீட்டர் உயரமுள்ள அண்ணாமலையின் சரிவுகளில் விறகு வெட்டினாலும், மேய்ச்சலாலும், கோடையில் பரவும் தீயாலும் மரம் அழிந்து, மேல்மண்ணை மழை அடித்துச் சென்ற பகுதிகள் அத்தகையவை. பூசண வித்தும் இழையும் அதிகமாக வாழ்வது மேல் ஒரு சாண் மண்ணிலேயே. மண் போனால் அவையும் போகும். 1980-களின் இறுதியிலிருந்து இம்மலையில் தொண்டர் சங்கங்களும் வனத்துறையினரும் கன்றுகள் நட்டு வளர்த்து வருகின்றனர். கிரிவலம் வருவோர் மலையின் பசுமை மீண்டிருப்பதைக் கண்டு மகிழ்கிறார்கள். ஆனால் நட்ட கன்று மழைக்காலம் முழுதும் தழைத்து, பின்வரும் பங்குனி வெயிலில் பட்டுப்போவது எந்த மலைச்சரிவிலும் காணும் துயரம். தண்ணீர்க் குறைவே முதற்காரணம் என்பதில் ஐயமில்லை. மெலிந்த மண்ணில் தனித்து நிற்கும் வேருக்குக் கூட்டாளியில்லாமையும் ஒரு காரணம்.

காட்டில் மரங்கள் பூசண இழை மூலம் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன, தாய்மரம் கன்றுக்குப் பாலூட்டுகிறது என்றெல்லாம் இக்காலத்தில் பேசப்படுகிறது. கானடா தேசத்துக் காட்டில் ஒரு மரத்தின் கரிச்சத்து மற்றொன்றுக்குச் சென்றதை 1997-இல் வெளியான ஒரு பரீட்சை காட்டியது உண்மை. எனினும் அதன்மேல் கட்டப்பட்ட கதைகளுக்குப் போதிய ஆதாரமில்லையென்று 2023-இல் அத்துறை விஞ்ஞானிகளே எடுத்துரைத்தனர். கன்று நடுபவர்க்கு அக்கதை தேவையுமில்லை. நாற்றங்காலிலேயே வேரில் பூசணத்தை ஏற்றி அனுப்பினால் போதும்.

வேம்பு, புங்கம், நாவல், புளி முதலியவற்றின் கன்றுகள் பாலிதீன் பைகளில் வளர்க்கப்படுகின்றன. பைக்குப் பள்ளத்தின் அடிமண்ணை வெட்டி நிரப்பினால் அதில் பூசணம் இராது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தாரின் சிபாரிசுப்படி பையொன்றுக்கு 5 முதல் 10 கிராம் வேர் உட்பூசணக் கலவை போதும். பாத்தி நாற்றங்காலுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 100 கிராம், விதைக்கும்போது மண்ணுக்கடியில் 2 முதல் 3 சென்டிமீட்டர் ஆழத்தில் இடவேண்டும். வளர்ந்த மரத்துக்கு 200 கிராம்.

இப்பூசணம் தனியே சீசாவில் வளராது. உயிருள்ள வேரில்தான் பெருகும். ஆகவே கலவையை ஊரிலேயே தயாரிக்கலாம். ஒரு மீட்டர் நீளமும் அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழியில் கறுப்புப் பாலிதீன் தாள் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ ஆவியில் சுத்தமாக்கிய மண்ணும் கலந்து 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு நிரப்பவேண்டும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே ஒரு கிலோ தாய்க்கலவையைப் பரப்பி, அதன்மேல் மக்காச்சோளம் விதைக்க வேண்டும். யூரியா 2 கிராம், சூப்பர் பாஸ்பேட்டு 2 கிராம், பொட்டாஷ் 1 கிராம் என்ற அளவுக்கு மேல் அடியுரம் கூடாது. மணிச்சத்து மிகுந்தால் வேர் பூசணத்தைச் சேர்க்காதென்பது முன்பே கூறப்பட்டது. முப்பதாம் நாளும் நாற்பத்தைந்தாம் நாளும் 10 கிராம் யூரியா. அறுபதாம் நாள் தட்டையை அறுத்து, வேர்களை நறுக்கிக் கலந்துவிட்டால் 55 கிலோ கலவை கிடைக்கும். இது 550 சதுர மீட்டர் நாற்றங்காலுக்கு, அதாவது 11,000 நாற்றுகளுக்குக் காணும்.

கடைகளில் பொட்டலமாக விற்பவற்றை வாங்குவோர் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அச்சிட்ட தயாரிப்புத் தேதியும் காலாவதித் தேதியும் பார்த்து வாங்குக. வெளிநாடுகளில் இத்தகைய சரக்குகளைப் பரீட்சித்தபோது பலவற்றில் உயிரே இல்லை. ஏற்கனவே பூசணம் நிறைந்துள்ள கொல்லையில் நல்ல சரக்கை இட்டாலும் கண்கூடான பலன் தெரியாமற்போகலாம். ஐயமிருப்பின் சின்ன வெங்காயத்தைக் கொண்டு சோதிக்கலாம். எருப்படாத செம்மண்ணை ஆவியில் வேகவைத்து ஆற்றி இரு தொட்டிகளில் இட்டு, ஒன்றில் வாங்கிய கலவையையும், மற்றொன்றில் அதே கலவையைக் கொதிக்கவைத்தும் சேர்த்து, இரண்டிலும் வெங்காயம் நடவேண்டும். ஆறேழு வாரத்தில் முதல் தொட்டி முந்தி நின்றால் சரக்கில் உயிருண்டு.

ஊராட்சிகளுக்காக நாற்றங்கால் வளர்க்கும் கிராம அதிகாரிகள் காலக்கணக்கைத் தவறவிடலாகாது. ஐப்பசி மழைக்கு நடவேண்டிய கன்று பங்குனி, சித்திரையில் பையேற வேண்டும். ஆகையால் மக்காச்சோளக் குழியைத் தை மாதத்திலேயே விதைத்துவிட வேண்டும். தாய்க்கலவை கோயமுத்தூரிலுள்ள பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் துறையில் கிடைக்குமா என்பதை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தின் மூலம் மார்கழிக்குள் விசாரித்துக்கொள்க.